கண்ணுக்குத் தெரியாத கணக்குப்பிள்ளைகள்

அண்ணன் சென்னையில் இருக்கிறார். தம்பி திருச்சியில் இருக்கிறார். இருவருக்கும் ஒரே பாங்கியில் கணக்கு.

தம்பிக்கு அவசரமாக 5 ஆயிரம் ரூபாய் தேவை. அண்ணன் செல்போனை எடுக்கிறார். பணத்தை அனுப்புகிறார்.

அண்ணன் கணக்கில் 5 ஆயிரம் கழிக்கப்படுகிறது. அடுத்து, தம்பி கணக்கில் 5 ஆயிரம் கூட்டப்பட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் நின்று விட்டால்?

அண்ணனிடம் பணம் இல்லை. தம்பியிடமும் பணம் இல்லை. அந்த 5 ஆயிரம் எங்கே போயிற்று?

எங்கும் போகாது. மின்சாரம் திரும்பி வந்ததும், பாங்கியின் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பார்ப்பார். "வேலை பாதியில் நிற்கிறதே!" என்பார். கழித்த 5 ஆயிரத்தை அண்ணன் கணக்கில் பழையபடி எழுதி விடுவார். ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும்.

அவர் மனிதர் அல்ல. "டேட்டாபேஸ்" என்று சொல்வார்களே, அதுதான்.

ரெயில் டிக்கெட் வாங்கும் இணையதளம், துணிக்கடை இணையதளம், பரீட்சை முடிவு பார்க்கும் இணையதளம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு டேட்டாபேஸ் உட்கார்ந்து கொண்டு இருக்கிறது. கேட்டால் சொல்லும். கொடுத்தால் எழுதிக்கொள்ளும்.

ஆனால் எல்லாக் கணக்குப்பிள்ளைகளும் ஒன்று போல இருப்பது இல்லை. ஒருவர் கண்டிப்பானவர். ஒருவர் எதற்கும் தலையாட்டுகிறவர். ஒருவருக்குத் தமிழ்ப் பெயர் எழுத இடம் போதாது. இன்னொருவர், வெறும் கட்டத்தைப் பார்த்தால் "இது எனக்குத் தெரியாது" என்று எழுதி விடுவார்!

விமானம் ஓட்டியவர்

இவர்களுக்கு எல்லாம் தாத்தா ஒருவர் உண்டு. அவர் பெயர் எட்கர் காட்.

இவர் இங்கிலாந்து நாட்டில், போர்ட்லண்ட் என்ற இடத்தில் 1923-ம் ஆண்டு பிறந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டினார். யுத்தம் முடிந்தபின் அமெரிக்காவுக்குப் போனார். ஐ.பி.எம். என்ற பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கணிதம் படித்தவர்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தகவல் தேடுவது சாமானிய வேலை அல்ல. ஆலமரத்து விழுதைப் பிடித்துக்கொண்டு கிளை கிளையாக ஏறுவது போல ஏற வேண்டும். எந்தக் கிளையில் எது இருக்கிறது என்று தெரிந்தவர்தான் ஏற முடியும்.

காட் 1970-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். "மரம் வேண்டாம். எல்லாவற்றையும் அட்டவணையாக எழுதுங்கள். வரிகளும் கட்டங்களும் போதும். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். எப்படித் தேடுவது என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும்" என்பது அதன் சாரம்.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு மாணவனுக்கு ஒரு வரி. பெயருக்கு ஒரு கட்டம். பிறந்த தேதிக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான். இந்த முறைக்கு "ரிலேஷனல்" முறை என்று பெயர்.

காட் சொன்னதை அவருடைய கம்பெனியே உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கிளை ஏறும் பழைய முறைதான் அப்போது அவர்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டு இருந்தது. பிறகு அதே கம்பெனியில் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இரண்டு பேர் சேர்ந்து, அட்டவணையைக் கேள்வி கேட்க ஒரு மொழியை உண்டாக்கினார்கள். பாய்ஸ் பாவம், 1974-ல் இளம் வயதிலேயே இறந்து போனார்.

அந்த மொழிக்கு "சீக்வல்" என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் ஒரு விமானக் கம்பெனி "அது எங்கள் பெயர்" என்றது. அதனால் பெயரைச் சுருக்கி "எஸ்.கியூ.எல்." என்று ஆக்கினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஐ.பி.எம். யோசித்துக்கொண்டு இருந்தபோது மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். லாரி எல்லிசன் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1977-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1979-ல் "ஆரக்கிள்" விற்பனைக்கு வந்தது. வந்ததே "இரண்டாவது பதிப்பு" என்ற பெயரில்தான்! முதல் பதிப்பு விற்பனைக்கு வரவே இல்லை. முதல் பதிப்பு என்றால் யாரும் நம்பி வாங்க மாட்டார்கள் என்ற வியாபாரத் தந்திரம்.

ஒரே மொழி, பல பேச்சு

ரிலேஷனல் டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் எஸ்.கியூ.எல். பேசும். ஆனால் நெல்லைக்காரர் பேசும் தமிழும் கோவைக்காரர் பேசும் தமிழும் ஒன்றாகவா இருக்கின்றன?

"முதல் 10 பேரை மட்டும் காட்டு" என்று கேட்க வேண்டும். மை எஸ்.கியூ.எல்., போஸ்ட்கிரெஸ், எஸ்.கியூ.லைட் மூன்றிடமும் "லிமிட்" என்று சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் கம்பெனியின் எஸ்.கியூ.எல். சர்வரிடம் "டாப்" என்று சொல்ல வேண்டும். ஆரக்கிளிடம் இதை நேராகக் கேட்க 2013 வரையில் வழியே கிடையாது. சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும்.

இது சின்ன விஷயம். பேச்சு வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டு விடலாம். குணத்தில் உள்ள வித்தியாசம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

கடலில் மறைந்தவர்

அண்ணன் அனுப்பிய 5 ஆயிரம் பத்திரமாக இருந்தது அல்லவா? அதற்குக் காரணம் "டிரான்சாக்‌ஷன்" என்ற ஏற்பாடு. எல்லாம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் எதுவுமே நடக்கக் கூடாது. பாதி வேலை என்பதே கிடையாது.

இந்த ஏற்பாட்டுக்கு உரம் போட்டு வளர்த்தவர் ஜிம் கிரே என்ற அமெரிக்கர். கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் பரிசு 1998-ம் ஆண்டுக்கு இவருக்குக் கிடைத்தது.

இவருடைய முடிவு சோகமானது. 2007 ஜனவரி 28-ந் தேதி, தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, சான் பிரான்சிஸ்கோ நகரில் இருந்து பாய்மரப் படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டார். திரும்பி வரவில்லை. கடலோரக் காவல் படையினர் தேடினார்கள். நண்பர்கள், செயற்கைக்கோள் எடுத்த படங்களை வாங்கி, ஆயிரக்கணக்கான ஆட்களைக் கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். படகும் கிடைக்கவில்லை. அவரும் கிடைக்கவில்லை.

அவர் வளர்த்த ஏற்பாடு, இணையதளங்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் எல்லா டேட்டாபேசிலும் இருந்ததா? இல்லை! அதுதான் வேடிக்கை.

இரண்டு பெண்களின் பெயர்

1995-ம் ஆண்டில் "மை எஸ்.கியூ.எல்." வந்தது. சுவீடன் நாட்டுக் கம்பெனி. இதை எழுதியவர்களில் முக்கியமானவர் மான்டி விடேனியஸ் என்ற பின்லாந்துக்காரர். "மை" என்பது அவருடைய மகளின் பெயர்.

இது இலவசமாகக் கிடைத்தது. வேகமாக ஓடியது. சின்ன கம்ப்யூட்டரே போதும். இணையதளம் கட்டுகிற இளைஞர்கள் இதை அள்ளிக்கொண்டார்கள். பேஸ்புக் இதை வைத்துத்தான் வளர்ந்தது.

ஆனால் அப்போது அதில் இருந்த "மை ஐசாம்" என்ற பேரேட்டு முறையில் டிரான்சாக்‌ஷன் கிடையாது. மின்சாரம் நின்றால், கழித்தது கழித்ததுதான். கூட்ட வேண்டியது கூட்டப்படாது. பாட்டுப் பட்டியல் எழுதி வைக்க அது போதும். பணம் எழுதி வைக்க அது போதுமா?

பின்லாந்தில் ஹெய்க்கி டூரி என்பவர் "இன்னோ டி.பி." என்ற வேறு பேரேட்டு முறையை எழுதினார். அதில் டிரான்சாக்‌ஷன் உண்டு. மை எஸ்.கியூ.எல்-லோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காமலே கிடைக்கும் வழக்கம் 2010-ல் வந்த 5.5 பதிப்பில்தான் ஏற்பட்டது.

அதற்குள் கம்பெனி கை மாறியது. 2008-ல் சன் என்ற கம்பெனி, 100 கோடி டாலர் கொடுத்து மை எஸ்.கியூ.எல்-ஐ வாங்கியது. 2010-ல் சன் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கியது!

மகள் பெயரை வைத்து வளர்த்த பிள்ளை, போட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. விடேனியஸ் எதிர்ப்புத் தெரிவித்தார். கையெழுத்து இயக்கம் நடத்தினார். பலிக்கவில்லை. சும்மா இருந்தாரா? 2009-லேயே அதன் நகலை எடுத்து, தனியாக வளர்க்கத் தொடங்கி இருந்தார். அதற்கு "மரியா டி.பி." என்று பெயர் வைத்தார். மரியா, அவருடைய இளைய மகள்.

விக்கிபீடியா 2013-ல் அக்காளை விட்டுத் தங்கையிடம் மாறிக்கொண்டது.

எல்லோருக்கும் ஒரே டெலிபோன் நம்பர்

பழைய மை எஸ்.கியூ.எல்-லின் இன்னொரு குணம், "முடியாது" என்று சொல்லத் தெரியாதது.

ஒரு கடைக்காரர் வாடிக்கைக்காரர்களின் செல்போன் நம்பரை எழுத ஒரு கட்டம் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எண்" என்று கட்டத்துக்கு மேலே எழுதுகிறார். சாதாரண எண் கட்டத்தில் 2147483647 வரையில்தான் எழுத முடியும். நம் ஊர் செல்போன் நம்பர் 9 என்று தொடங்கினால் அதைத் தாண்டி விடும்.

கண்டிப்பான கணக்குப்பிள்ளை என்ன சொல்வார்? "ஐயா, இது கட்டத்துக்குள் அடங்காது" என்பார்.

பழைய மை எஸ்.கியூ.எல். அப்படிச் சொல்லாது. தன்னால் முடிந்த பெரிய எண்ணான 2147483647 என்பதை எழுதிவிட்டு, "எழுதியாயிற்று" என்று சொல்லும்! அடுத்த வாடிக்கைக்காரருக்கும் அதே நம்பர். அதற்கு அடுத்தவருக்கும் அதே நம்பர். ஒரு மூலையில் எச்சரிக்கை எழுதி வைக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

கட்டத்தில் 10 எழுத்துக்கு இடம் இருந்து, 15 எழுத்தில் பெயர் வந்தால், மிச்சம் 5 எழுத்தை வெட்டி எறிந்து விடும். பிப்ரவரி 31-ந் தேதி என்று கொடுத்தால், தொடக்க காலத்தில் அதையும் வாங்கிக்கொண்டது. பிறகு "0000-00-00" என்று எழுதியது. அப்படி ஒரு தேதி எந்தப் பஞ்சாங்கத்தில் உண்டு?

2015-ல் வந்த 5.7 பதிப்பில் இருந்துதான், தவறானதைத் திருப்பி அனுப்பும் வழக்கம் தானாகவே ஏற்பட்டது.

இதை விடப் பெரிய வேடிக்கையும் உண்டு. "வயது பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது" என்று பேரேட்டிலேயே ஒரு நிபந்தனை எழுதி வைக்கலாம். அதற்கு "செக்" என்று பெயர். போஸ்ட்கிரெசிலும் ஆரக்கிளிலும் இந்த நிபந்தனையை மீற முடியாது.

மை எஸ்.கியூ.எல்-லிடம் இந்த நிபந்தனையைச் சொன்னால் "சரி" என்று கேட்டுக்கொள்ளும். தவறு என்று சொல்லாது. ஆனால் காதில் போட்டுக்கொள்ளவே செய்யாது! மைனஸ் 5 வயதுக் குழந்தையைப் பேசாமல் எழுதிக்கொள்ளும். 2017-ல் தங்கை மரியா இந்தக் குறையைத் திருத்திக்கொண்டாள். அக்காள் திருந்தியது 2019-ல்.

"எந்த டேட்டாபேசில் எது உண்டு?" என்று ஒப்பிட்டு அட்டவணை போடுகிறவர்கள் ஏமாந்து போகிற இடம் இதுதான். "செக் எழுத முடியுமா?" என்று கேட்டால் "முடியும்" என்பதே பதில். அது வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி.

காட் வைத்த பரீட்சை

இப்படி எல்லாம் நடக்கும் என்று கிழவர் காட் முன்னாலேயே கண்டுகொண்டார். 1980-களில் எல்லாக் கம்பெனிகளும் "எங்களுடையது ரிலேஷனல்" என்று விளம்பரம் செய்தன. காட் கோபம் அடைந்தார். 1985-ல் ஒரு பத்திரிகையில் 12 விதிகளை வெளியிட்டார். "இதில் எத்தனை தேறுகிறது, பாருங்கள்" என்றார். (பூஜ்யத்தில் இருந்து எண்ணியதால் உண்மையில் 13 விதிகள்.)

"நிபந்தனைகள் பேரேட்டில்தான் இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு புரோகிராமிலும் எழுதி வைக்கக் கூடாது" என்பது அதில் ஒரு விதி.

இதில் இன்றைக்கும் சண்டை உண்டு. "இணையதளத்தின் புரோகிராமிலேயே எல்லாவற்றையும் சரி பார்த்து விடலாமே, பேரேடு எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புரோகிராம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது சரிதான். ஆனால் இன்று இணையதளம், நாளை செல்போன் செயலி, நாளை மறுநாள் கடையின் கணக்கர் எழுதும் வேறு ஒரு புரோகிராம் என்று வந்துகொண்டே இருக்கும். மூன்று வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலில் மட்டும் காவல்காரனை நிறுத்தினால் போதுமா?

இன்னொரு விதி, "தெரியாது" என்பதைப் பற்றியது. ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். "இன்ஷியல் என்ன என்று தெரியாது" என்பது ஒன்று. "இவருக்கு இன்ஷியலே கிடையாது" என்பது மற்றொன்று. முதலாவதற்கு "நல்" என்று பெயர். இரண்டாவது வெறும் கட்டம். இரண்டும் வேறு வேறு என்று காட் அடித்துச் சொன்னார்.

ஆரக்கிள் மட்டும் இதைக் கேட்கவில்லை. வெறும் கட்டத்தைக் கொடுத்தால் "தெரியாது" என்று எழுதிக்கொள்கிறது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். பெரிய பாங்கிகளும் அரசாங்கங்களும் நம்பி வாங்குகிற டேட்டாபேசில் இப்படி ஒரு பிடிவாதம்!

தமிழ்ப் பெயர் படும் பாடு

"மீனாட்சிசுந்தரம்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மீ-னா-ட்-சி-சு-ந்-த-ர-ம். எண்ணினால் 9 எழுத்து.

கம்ப்யூட்டருக்கு இது 9 அல்ல. "மீ" என்றால் அது "ம" ஒன்று, மேலே போடும் சுழி ஒன்று என இரண்டாக எண்ணும். புள்ளியையும் தனியாக எண்ணும். இந்தப் பெயர் அதன் கணக்கில் 16 குறிகள். இணையதளங்கள் கையாளும் "யு.டி.எப். 8" என்ற முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் இடம் வேண்டும். ஆக மொத்தம் 48 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 17 பைட் போதும்.

ஆரக்கிளில் "பெயருக்கு 30 இடம்" என்று சொன்னால், வேறு விதமாகக் கேட்காத வரையில், அது 30 பைட் என்றே எடுத்துக்கொள்ளும். ஆங்கில மீனாட்சிசுந்தரம் உள்ளே போவார். தமிழ் மீனாட்சிசுந்தரம் வாசலிலேயே நிற்பார்! போஸ்ட்கிரெசிலும் இன்றைய மை எஸ்.கியூ.எல்-லிலும் 30 என்றால் 30 குறிகள். அங்கே இவருக்கு இடம் உண்டு.

மைக்ரோசாப்ட் எஸ்.கியூ.எல். சர்வரில் வேறு தொல்லை. தமிழ் எழுத்துக்குத் தனிக் கட்டம் வைக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதும்போது பெயருக்கு முன்னால் "என்" என்ற ஆங்கில எழுத்தையும் போட வேண்டும். மறந்தால் மீனாட்சிசுந்தரம் "????????" ஆகி விடுவார். 2019 பதிப்பில் யு.டி.எப். 8 முறையும் சேர்க்கப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்துக் கொள்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்தது.

மை எஸ்.கியூ.எல். கதை இன்னும் வினோதம். "யு.டி.எப். 8" என்று அது பெயர் வைத்த முறையில் ஒரு குறிக்கு 3 பைட்தான் உச்சம். தமிழுக்கு 3 போதும். ஆனால் செல்போனில் அனுப்புகிறார்களே, சிரிக்கும் முகம், அழும் முகம், அவற்றுக்கு 4 பைட் வேண்டும். ஒருவர் கடிதத்தின் நடுவில் சிரிக்கும் முகத்தைப் போட்டால், அந்த இடத்தோடு கடிதம் அறுந்து போய்விடும். 4 பைட் கொள்ளும் முறை 2010-ல் வந்தது. கேட்காமலே அது கிடைப்பது 2018-ல் வந்த 8.0 பதிப்பில் இருந்துதான்.

முகங்கள் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். முந்திரி, காணி, மா என்று தாத்தாக்கள் எழுதிய பின்னக் குறிகளும், பழைய அளவைக் குறிகளும் 2019-ல்தான் உலக எழுத்துப் பட்டியலான யூனிகோடில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கும் 4 பைட் வேண்டும். பழைய நிலப் பத்திரங்களை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்ற நினைக்கிறவர், 3 பைட் பேரேட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அகர வரிசை இன்னொரு சோதனை. பவளம், பழம் - இதில் எது முன்னால் வரும்? நம் நெடுங்கணக்கில் "வ" முன்னால், "ழ" பின்னால். ஆகவே பவளம்தான் முதலில். ஆனால் யூனிகோடு எண் வரிசையில் "ழ" முந்திவிட்டது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் டேட்டாபேஸ், பழத்தை முதலில் வைக்கும். எஸ்.கியூ.லைட் தானாக அடுக்கினால் இப்படித்தான் அடுக்கும். போஸ்ட்கிரெஸ் 2017-ல் வந்த 10-வது பதிப்பில், உலக மொழிகளின் அகர வரிசை தெரிந்த "ஐ.சி.யூ." என்ற துணையைச் சேர்த்துக்கொண்டது. அதைக் கொண்டு கேட்டால் பவளம் முன்னால் வரும்.

ஒரே மண்டபம், இரண்டு கல்யாணம்

இந்தப் போஸ்ட்கிரெஸ் யார்? அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தது. ஆரம்பத்தில் எஸ்.கியூ.எல். பேசாது. 1994-ல் இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்.கியூ.எல். கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு முதலாளி கிடையாது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். ஆகவே அதை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது.

கண்டிப்பில் இதை மிஞ்ச ஆள் இல்லை என்றே சொல்லலாம்.

கல்யாண மண்டபத்துக்கு ஒரு இணையதளம். வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். கும்பகோணத்தில் ஒருவரும் கோயமுத்தூரில் ஒருவரும் ஒரே வினாடியில் பட்டனை அமுக்குகிறார்கள்.

புரோகிராம் என்ன செய்யும்? "மண்டபம் காலியா?" என்று முதலில் பேரேட்டைப் பார்க்கும். கும்பகோணத்துக்காரருக்குக் காலி. கோயமுத்தூர்க்காரருக்கும் காலி. ஏனென்றால் இருவர் பெயரும் இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த கணம் இரண்டு பெயரும் எழுதப்பட்டு விடும். கல்யாணத்தன்று இரண்டு மேளமும் ஒரே வாசலில் வந்து நிற்கும்!

தேதி மட்டும் என்றால் எந்த டேட்டாபேசும் தடுத்து விடும். "ஒரே மண்டபம், ஒரே தேதி இரண்டு முறை வரக்கூடாது" என்று சொன்னால் போதும். ஆனால் ஒருவர் முந்தின நாள் மாலை 4 மணி முதல் மறுநாள் பகல் 2 மணி வரை கேட்கிறார். மற்றவர் மறுநாள் பகல் 12 மணி முதல் கேட்கிறார். இரண்டு மணி நேரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எப்படி?

"ஒரே மண்டபத்தில் நேரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது" என்றே போஸ்ட்கிரெசில் நிபந்தனை எழுதலாம். 2010-ல் இந்த வசதி வந்தது. முதலில் எழுதப்பட்டவர் பெயர் நிற்கும். அடுத்தவருக்கு "மன்னிக்கவும்" என்ற பதில் போகும். மரியா 2020-ல் இதைப் போல ஒன்றைக் கற்றுக்கொண்டாள். மை எஸ்.கியூ.எல்-லிலும் எஸ்.கியூ.லைட்டிலும் நேராக இப்படி ஒரு நிபந்தனை எழுத வழி இல்லை. பேரேட்டைப் பூட்டிவிட்டு எழுதுவது போன்ற உபாயங்களைப் புரோகிராம் எழுதுகிறவர்தான் செய்ய வேண்டும். செய்ய மறந்தால் இரண்டு மேளம்!

போஸ்ட்கிரெசின் இன்னொரு நல்ல குணம், பேரேட்டின் அமைப்பை மாற்றும்போது தெரியும். நாலு கட்டம் புதிதாகச் சேர்க்க வேண்டும். இரண்டு கட்டம் சேர்த்ததும் ஏதோ தவறு. போஸ்ட்கிரெஸ், எஸ்.கியூ.லைட், எஸ்.கியூ.எல். சர்வர் மூன்றும் அந்த இரண்டையும் அழித்து, பழைய நிலைக்குக் கொண்டு போய்விடும். மை எஸ்.கியூ.எல்-லும் ஆரக்கிளும் அப்படிச் செய்யமாட்டா. இரண்டு கட்டத்தோடு பேரேடு நடுத்தெருவில் நிற்கும்.

போர்க்கப்பலில் பிறந்தது

எஸ்.கியூ.லைட்டின் கதை தனி.

ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், ஒரு போர்க்கப்பலுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டு இருந்தார். கப்பலில் குண்டு விழுந்து குழாய் உடைந்தால், எந்த வால்வை மூட வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் அது. தகவல் எல்லாம் வேறு ஒரு டேட்டாபேசில் இருந்தது. அந்த டேட்டாபேஸ் படுத்துவிட்டால், ஹிப்பின் புரோகிராமும் "தொடர்பு கிடைக்கவில்லை" என்று கை விரித்து விடும். கப்பல் அடிபடுகிற நேரத்தில் இப்படிக் கை விரித்தால் எப்படி?

"தனிக் கணக்குப்பிள்ளையே வேண்டாம். பேரேட்டைப் புரோகிராமே நேராகத் திறந்து படிக்கட்டும்" என்று ஹிப் நினைத்தார். 2000-ம் ஆண்டில் எஸ்.கியூ.லைட் பிறந்தது. முழு டேட்டாபேசும் ஒரே ஒரு பைல். யாரும் எடுத்துக்கொள்ளலாம். காசு இல்லை. உரிமை கேட்பாரும் இல்லை.

இன்று ஆண்ட்ராய்டு செல்போனிலும் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது. உங்கள் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கலாம்.

இணையதளத்துக்கு இது ஆகுமா? சிறிய தளம் என்றால் நன்றாகவே ஆகும். படிக்க எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். ஆனால் எழுதுவது ஒரு சமயத்தில் ஒருவர்தான். ஒருவர் எழுதி முடிக்கும் வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு ரெயில் டிக்கெட் விற்கிற தளத்துக்கு அது சரிப்படாது.

அதற்கும் விசித்திரக் குணங்கள் உண்டு. எண் எழுதும் கட்டத்தில் "வடை" என்று எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். இது குறை அல்ல, வசதி என்று அதன் கர்த்தாக்கள் சொல்கிறார்கள். குறை சொல்கிறவர்களுக்காக, 2021-ல் "ஸ்டிரிக்ட்" என்ற கண்டிப்பான அட்டவணை வந்தது. அதில் வடை செல்லாது. இன்னொன்று: இல்லாத வாடிக்கைக்காரர் பெயரில் பில் எழுதாமல் தடுக்கும் காவல் அதில் உண்டு. ஆனால் அந்தக் காவல்காரன் சாதாரணமாகத் தூங்கிக்கொண்டு இருப்பான். ஒவ்வொரு முறையும் தட்டி எழுப்ப வேண்டும்!

எது நல்லது?

புதிதாக இணையதளம் தொடங்குகிறவர், பணமோ முன்பதிவோ அதில் வரும் என்றால், போஸ்ட்கிரெசைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலும் தவறு இராது. மை எஸ்.கியூ.எல். பழைய தலையாட்டி அல்ல. 8.0 பதிப்புக்குப் பிறகு அது வேறு ஆள். அதைத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்கள், அதுவும் ஒரு பலம்தான். ஆரக்கிளும் எஸ்.கியூ.எல். சர்வரும் காசு கேட்பவை. அவற்றின் இலவசப் பதிப்புகளுக்கு அளவு உண்டு. முன்பே அவற்றில் கணக்கு வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள், அவற்றோடு இருப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கும்.

பழைய பதிப்புகள் இன்னும் ஓடிக்கொண்டு இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே மேலே சொன்ன வேடிக்கைகள் எல்லாம் இன்றும் நடக்கலாம். ஆகவே டேட்டாபேசின் பெயரைக் கேட்டால் போதாது. எத்தனையாவது பதிப்பு என்றும் கேட்க வேண்டும்.

ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு மாறுவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆரக்கிளில் இருந்து போஸ்ட்கிரெசுக்கு மாறுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்ஷியல் தெரியாதவர்களைக் காட்டு" என்று ஆரக்கிளிடம் கேட்டால், வெறும் கட்டம் உள்ளவர்களும் சேர்ந்தே வருவார்கள். அது இரண்டையும் ஒன்றாகத்தானே எழுதி வைத்தது! அதே கேள்வியைப் போஸ்ட்கிரெசிடம் கேட்டால், மாறுவதற்கு முன்னால் எழுதப்பட்டவர்கள் வருவார்கள். மாறிய பிறகு வெறும் கட்டத்தோடு எழுதப்பட்டவர்கள் வரமாட்டார்கள். தவறு என்ற செய்தி எங்கும் வராது. பட்டியல் மட்டும் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போகும்.

அதனால் அனுபவம் உள்ளவர்கள் பேரேட்டை மாற்றுவதற்கு முன்னால், எந்த எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் வெறுமையாக விட்டிருக்கிறார்கள் என்று முதலில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். சில நாள் ஆகிவிடும். எண்ணி முடித்த பிறகுதான் மூட்டை கட்டத் தொடங்குகிறார்கள்.